ஸோறும் வம்சத்தின் கடைசித் திறப்பு

நோர்வே நாட்டு அரசன் ஒருவனுக்கு இரண்டாம் தாரமாக ஒரு பெண்ணை நிச்சயித்து, மேளம் கொட்டித் தாலி கட்டுவித்தவள் நான். அவன் இறந்து ஏறக்குறைய எழுநூறு வருடம் ஆகியிருந்ததால் அவனிடம் சம்மதம் கேட்க முடியவில்லை. எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குழு கேட்டுக்கொண்டது, நான் செய்து வைத்தேன். ஊரில் எத்தனையோ கல்யாணம் இப்படித்தானே நடக்கிறது.

இரண்டாயிரத்தின் முதல் சில வருடங்களில் நடந்த கதை இது. நானும் கணவரும் நோர்வேத் தலைநகரின் ஓரத்தில், ட்வெய்ட்டாவில் ஓர் உயர்ந்த மாடிக் கட்டடத்தில் இருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். அவர் பேருந்து ஓட்டினார். நான் பல் வைத்தியர் ஒருவரின் உதவியாளர். வார நாட்களில் மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வாயை மூடச் சொல்வேன். ஆண்டுவிழா நாடகம் என் தலையில் விழுந்ததற்குக் காரணம் என் கலைத்திறமை அல்ல. மற்ற ஆசிரியைகளுக்கு வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள், எனக்கு இல்லை. "உங்களுக்குத்தானே அக்கா நேரம் இருக்கு," என்று சொல்லித் தந்தார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

பிள்ளை இல்லாததைப் பெரிய சோகக்கதையாகச் சொல்ல நான் வரவில்லை. வைத்தியம் பார்த்தோம், கோயிலுக்கு நேர்ந்தோம், இரண்டும் சரிவரவில்லை, ஒரு கட்டத்தில் விட்டுவிட்டோம். எங்கள் சனம் அதைப் பற்றி முகத்துக்கு நேரே ஒருநாளும் எதுவும் சொன்னதில்லை. ஆனால் சாமத்திய வீடு என்று ஒன்று இருக்கிறதே. பெண்பிள்ளை பெரியவளானால் மண்டபம் எடுத்துக் கொண்டாடுவோம். பிள்ளையை அலங்கரித்து மேடையில் இருத்த, சுமங்கலிகள் இரண்டிரண்டு பேராக வந்து ஆலாத்தி எடுப்பார்கள். ஒலிவாங்கியில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என் பெயரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. நானும் அந்த நேரம் பார்த்துச் சமையல் பக்கம் போய்விடுவேன். "எனக்கு ரோல்ஸ்தான் முக்கியம்," என்று பகிடி விடுவேன். ரோல்ஸ் எனக்குப் பிடிக்கும்தான். ஆனால் கூப்பிட்டிருந்தால் அதுவும் பிடித்திருக்கும்.

நாடகத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு பழந்தமிழ் மன்னன் மேடையில் வந்து நிற்பான். மட்டை வாள், ஒட்டுத் தாடி, காலில் தடுக்கும் நீளத்துக்கு அம்மாவின் பட்டுச்சேலை. பிள்ளைகள் தங்களுக்கே விளங்காத வசனத்தை விழுங்கி விழுங்கிச் சொல்ல, அப்பாமார் முன்வரிசையில் வீடியோக் கமராவோடு முழங்காலில் நிற்பார்கள். அந்த வருடம் ஒத்திகையின் முதல் நாளே பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள். வகுப்பிலேயே வாய் நீண்டவள் அவள்தான். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும். அதை அவளுக்குக் காட்டிக்கொள்வதில்லை.

"ரீச்சர், இது சரியான ஷேடலி," என்றாள். அலுப்பு என்பதற்கு எங்கள் பிள்ளைகள் நோர்வேச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். "ஒவ்வொரு வருசமும் ஒரு ராசா வாறார், சண்டை பிடிக்கிறார், வெல்லுறார். எல்லா ராசாவும் வெண்டால் தோத்தது ஆர்?"

நல்ல கேள்வி. பதில் தெரியாததால் கையை இறக்கச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து இதைக் கணவரிடம் சொன்னேன். சாரதியோடு கதைக்கக் கூடாது என்ற பேருந்து விதியை வீட்டிலும் கடைப்பிடிக்கிற மனுஷன் அவர். அன்றைக்குச் சோற்றைக் குழைத்தபடி தானாகவே வாயைத் திறந்தார்.

"தோத்த ஆக்கள் வேணுமெண்டால் எங்கடை றூட்டுக்கு அங்காலை ஒரு குடும்பம் இருந்திருக்கு."

அவரோடு வேலை செய்த வயதான நோர்வே ஓட்டுநர் ஒருவர் ஸோறும் என்ற இடத்தைச் சேர்ந்தவர். லோறென்ஸ்கூக், ஸ்ட்ரோம்மன் எல்லாம் தாண்டிப் போனால் வருகிற நாட்டுப்புறம். கோப்பி இடைவேளையில் அவர் தன் ஊர்ப் பெருமையாகச் சொன்னதை என் கணவர் எனக்குச் சொன்னார். கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி எங்கள் ஆட்கள் எப்படிச் சொல்வார்களோ, அப்படியே சொன்னார்.

"ராசாவுக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை. முறையா ஒரு மகள், வேறை இடத்திலை ஒரு மகள். முறையான மகளைச் சுவீடன் பக்கம் குடுத்தாச்சு. மற்றவளை ஸோறும் வீட்டுக்குக் குடுத்தவை. நல்ல காணி பூமி உள்ள ஆக்கள். முறையானவளின்ரை மகன் ராசாவா வந்திட்டான். இவளின்ரை பெடியள் தாங்களும் கொஞ்சம் வாளைத் தூக்கிப் பாத்தவங்கள், சரிவரேல்லை. பிறகு ராச வீட்டிலை ஆளில்லாமல் போகேக்கை எல்லாரும் இந்த வீட்டு வாசலைத்தான் பாத்தவை. ஒருத்தன் எனக்கு உரிமை இல்லை எண்டு சொல்லிப்போட்டு ஒதுங்கிட்டான். கன காலத்துக்குப் பிறகு வேறை ஒருத்தனுக்கு முடியைக் கொண்டுவந்து நீட்டினவை. அவன் வேண்டாம் எண்டிட்டான்."

"ஏன்?"

"தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாதாம். அவன்ரை மகன் இளம் வயசிலை செத்துப் போனான். கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. காணியெல்லாம் தூரத்துச் சொந்தங்கள் பங்கு போட்டு எடுத்தவை. அதோடை முடிஞ்சுது."

இந்தக் குடும்பத்தைப் பின்தொடர்வது தலைவலி என்று அந்த நோர்வேக்காரர் சொன்னாராம். சொத்து இடையிடையே மகள் வழியாக இறங்குவதால் ஒவ்வொரு தரமும் வேறு வீட்டு ஆண் ஒருவன் வந்து உட்கார்ந்து விடுகிறானாம். எனக்கு ஒரு தலைவலியும் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் வீடு மகளுக்குத்தான் போகும். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து ஏறுவார். ஸோறும் குடும்பத்தார் எங்கள் ஆட்கள் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பார்க்கப் போனோம். கேள்வி கேட்ட பிள்ளையையும் தாயிடம் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனோம். அவர்கள் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருந்ததால் அது போகிற வழிதான். தாய் என்னைவிட இளையவர், பெற்றோர் குழுவில் அவர் சொன்னால் நடக்கும். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளை வழி நெடுக மாளிகை எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். போய் இறங்கினால் ஒரு பழைய கல் தேவாலயம், அதுவும் பூட்டியிருந்தது. பக்கத்தில் வயல். வெள்ளைப் பிளாஸ்ரிக்கில் சுற்றிய புல்லுக்கட்டுகள் உருண்டை உருண்டையாகக் கிடந்தன. காற்று முகத்தைக் கீறியது.

"எங்கை ரீச்சர் ஆக்கள்?"

"முடிஞ்சு போச்சினம்."

அவள் வயலைப் பார்த்தாள். "ஒருத்தர்கூட இல்லையோ? அப்ப இவையின்ரை கதையை ஆர் சொல்லுறது?"

"நாங்கள் நிக்கிறம்தானே," என்றார் என் கணவர், போத்தலில் இருந்து தேநீரை ஊற்றிக்கொண்டே.

அவ்வளவுதான், நாடகம் முடிவாகிவிட்டது. கூத்தில் கட்டியக்காரன் என்று ஒருவன் வருவான். கோலைத் தட்டி, கதையைச் சொல்லி, ஆட்களை மேடைக்கு அழைப்பவன். அந்த வேடம் அவளுக்கு. அவளுடைய வாய்க்கு வேறு எதுவும் போதாது.

சிக்கல் பெற்றோர் குழுவில் தொடங்கியது. கதையைச் சொல்லி முடிக்கவில்லை, ஒரு தாய் கேட்டார்: "சின்னப் பிள்ளையள் பாக்கிற நாடகத்திலை சின்ன வீடோ?" முறையில்லாத மகள் என்பதை எப்படிச் சொன்னாலும் அது அப்படித்தான் கேட்டது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் அரசனுக்கு அந்தப் பெண்ணை இரண்டாம் தாரமாக முறைப்படி கட்டி வைப்பது என்று தீர்மானமானது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் விட்டுக்கொடுத்தேன். ஒரு பெண்ணுக்கு எழுநூறு வருடம் பிந்தியாவது மரியாதை கிடைக்கிறது, அதில் எனக்கென்ன நட்டம்.

அடுத்தது முடி வேண்டாம் என்று சொல்பவனின் வேடம். அதற்கு நான் தெரிவு செய்த பையனின் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ரீச்சர், கிடைச்ச பதவியை வேண்டாம் எண்டு சொல்லுறவனோ என்ரை மகன்? உதுக்கோ நாங்கள் நாடு விட்டு நாடு வந்தனாங்கள்?" என்றார். வசனம் அதிகம், மேடையின் நடுவில் நிற்பான், முடியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்றெல்லாம் சொல்லிச் சமாளித்தேன். கைக்கெட்டும் தூரம் என்று சொன்னது எத்தனை பிழை என்பது பிறகுதான் தெரிந்தது.

கடைசி வாரிசின் வேடத்தைத்தான் எவனும் தொடவில்லை. வாள் இல்லை, முடி இல்லை, இருந்து செத்துப் போவதுதான் வேலை என்றதும் பையன்கள் எல்லாரும் சப்பாத்துக் கயிற்றைப் பார்த்தார்கள். "நான் ரெண்டையும் செய்யிறன்," என்றாள் என் கட்டியக்காரி. அடுத்த நாள் அவளுடைய தாய் தொலைபேசி எடுத்தார்.

"அக்கா, கோவியாதேங்கோ. அவள் கட்டியம் சொல்லட்டும், எங்களுக்குச் சந்தோசம். ஆனால் வம்சம் அத்துப்போன ஆளா அவளை மேடையிலை நிக்க விடமாட்டன். பொம்பிளைப் பிள்ளை. சொல்லுக்கு ஒரு பலன் இருக்குத்தானே."

"நாடகம்தானே தங்கச்சி."

"உங்களுக்கு இது விளங்காது அக்கா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.  உடனே, "அங்கை ஸ்னோ கொட்டுதோ?" என்று கேட்டார். கொட்டுது என்றேன். ட்வெய்ட்டாவுக்கும் லோறென்ஸ்கூக்குக்கும் ஒரே வானம்தான். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், நன்றாகத் திட்டியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு குழுக் கூட்டத்தில் அவர்களே ஒரு வழி வைத்திருந்தார்கள். கடைசி வாரிசின் கையில் ஒரு பொம்மைக் குழந்தையைக் கொடுத்துவிடுவது. வம்சம் தழைத்தது என்று மங்களம் பாடித் திரையை மூடுவது. அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் கூத்தில் எத்தனை தலை உருண்டாலும் வாழி பாடித்தான் முடிப்போம். அழிவோடு சனத்தை வீட்டுக்கு அனுப்புவதில்லை. அரசனுக்குத் தாலி கட்டுவித்த எனக்கு ஒரு பொம்மை பெரிய விஷயமா என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள்.

"கல்யாணம் செய்து வைச்சன்," என்றேன். "பிள்ளையும் பெத்துக் குடுக்க என்னாலை ஏலாது."

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"பிள்ளை இல்லாத ஆள் மேடையிலை நிக்கக் கூடாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ. நானும் இறங்கிறன்."

 ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில், வருகிற ஞாயிறுக்குள் அந்த வேடத்துக்கு நான் ஓர் ஆளைப் பிடித்தால் முடிவு அப்படியே இருக்கட்டும், இல்லையென்றால் பொம்மை என்று பேசி எழும்பினோம். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அன்றைக்கு மூடிக்கொண்டிருந்த வாய்களைப் பார்த்தபோது, திறந்திருந்தாலே பரவாயில்லை என்றிருந்தது.

ஒரு நாடக முடிவுக்காக நான் சண்டை பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் செத்த ஒருவனின் கையில் பொம்மையைத் திணித்தால்தான் அவன் கதை கதையாகும் என்றால், என் கதையை எங்கே கொண்டுபோய் முடிப்பது?

அந்த வாரம் முழுக்க ஆளாளுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒருவருக்கு வேலை, ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்கு மனைவி விடவில்லை. சனிக்கிழமை பின்னேரம் கணவர் சமையலறை மேசையில் இருந்து நாடகத்துக்குத் திறப்புகள் வெட்டிக்கொண்டிருந்தார். திறப்பு என்று நாங்கள் சொல்வது சாவியைத்தான். காணிகளைச் சொந்தங்கள் பங்கு போடுகிற காட்சியில் ஒவ்வொருவருக்கும் ஒரு திறப்புக் கொடுப்பதாக எழுதியிருந்தேன். குளிர்ப்பெட்டிப் பீட்சா வருகிற மட்டைப் பெட்டிகளைப் பல வாரமாகச் சேர்த்து வைத்திருந்தோம், அதாவது பல வாரமாக அதையே சாப்பிட்டோம். மாதிரிக்கு எங்கள் வீட்டின் மூன்றாவது திறப்பைச் சமையலறை அலுமாரியின் இழுப்பு லாச்சியில் இருந்து எடுத்து வைத்து, அதைப் பெரிதாக்கி வரைந்தார். வீட்டுக்கு மூன்று திறப்புத் தந்திருந்தார்கள். ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். இந்த நாட்டுக் கதவுகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும் என்பதால் எல்லாரும் ஒரு திறப்பைப் பிள்ளையிடமோ பெற்றோரிடமோ கொடுத்து வைப்பார்கள். எங்கள் மூன்றாவது திறப்பு வந்த நாள் முதல் லாச்சியில்தான் கிடந்தது.

"இஞ்சேர், நான் செய்யிறன்," என்றார்.

"என்னத்தை?"

"அந்தக் கடைசி ஆளை."

நான் அவரைப் பார்த்தேன். பிறந்தநாள் விழாவில் கேக்குக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னாலே வியர்க்கிற மனுஷன்.

"பயமில்லையோ? சொல்லுப் பலிக்குமாம்."

அவர் கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. "எங்களுக்கென்ன, பலிக்கிறதுக்கு ஒண்டும் மிச்சமில்லையே."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. வயிறு நோகிற அளவுக்குச் சிரித்தோம். பிறகு நான் கொஞ்சம் அழுதேன். அவர் தங்கத்தாளை என் பக்கம் தள்ளிவிட்டு ஒட்டச் சொன்னார், அழுதுகொண்டே ஒட்டினேன்.

ஆண்டுவிழா ஒரு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில் நடந்தது. சுவரில் ஏறி விளையாடும் கம்பிகளை ஸ்ட்ரோம்மன் கடைத்தெருவில் மலிவாக வாங்கிய நீலத் திரைச்சீலையால் மறைத்திருந்தோம். அரசனின் கல்யாணம் அமோகம். ஒலிநாடாவில் கெட்டிமேளம் கொட்டியபோது, சபையில் இருந்த சில அம்மாமார் பழக்கதோஷத்தில் மணமக்கள் மேல் தூவக் கையில் அறுகரிசி இருக்கிறதா என்று பார்த்தார்கள். நோர்வே அரசன் வெட்கப்பட்டுக்கொண்டே தாலி கட்டினான்.

பிறகு முடி வேண்டாம் என்கிற காட்சி. பிரபுக்கள் முடியைத் தலையணையில் வைத்து நீட்டினார்கள். பையன் மேடையின் நடுவில் நின்றான். "இந்த முடி எனக்கு வேண்டாம்" என்பது வசனம். வாயைத் திறந்தவன் முன்வரிசையைப் பார்த்தான். அங்கே அப்பா ஒரு கையில் கமராவோடு முழங்காலில் நின்று, மற்றக் கையால் தன் தலையைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். போடு, போடு, ஒரு படத்துக்கு. பிள்ளை பாவம், அப்பா சொல்லைத் தட்டாதவன். முடியை எடுத்துத் தலையில் வைத்துவிட்டான்.

திரைக்குப் பின்னால் நான் தலையில் கை வைத்தேன். நோர்வேயின் சரித்திரம் என் கண் முன்னே மாறிக்கொண்டிருந்தது. பிரபுக்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவனுக்குப் போன வருட நாடகம் ஞாபகம் வந்து "மன்னர் வாழ்க" என்று கத்த, மற்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள். அப்பாவின் கமரா பளிச்சிட்டது. அப்போது கட்டியக்காரி கோலைத் தரையில் ஓங்கிக் குத்தினாள்.

"நிப்பாட்டுங்கோ," என்றாள். எல்லாரும் நிறுத்தினார்கள். "அவன் ஒருக்கால் போட்டுப் பாத்தவன். ஆசைதானே. போட்டுப் பாத்தால் அது பாரமா இருந்தது. அளவும் இல்லை."

உண்மையில் முடி அதற்குள் அவனுடைய மூக்குவரை இறங்கியிருந்தது.

"அதாலை கழட்டி வைச்சவன்," என்று சொல்லி அவனைப் பார்த்தாள். அவன் அவசரமாகக் கழற்றி வைத்தான். மண்டபம் கைதட்டிச் சிரித்தது, அப்பாவும் சேர்ந்து சிரித்தார். யாருக்கும் தெரியாத காரணம் என்று அந்த நோர்வே ஓட்டுநர் சொன்ன காரணத்தை அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்றே நான் இன்றுவரை நம்புகிறேன்.

கடைசிக் காட்சிக்கு என் கணவர் கபில நிறப் போர்வையைப் போர்த்தி, ஒட்டுத் தாடியோடு வந்து கதிரையில் இருந்தார். தினமும் தங்களை ஏற்றி இறக்கும் மனுஷனை மேடையில் கண்டதும் சனம் கொஞ்சம் சலசலத்தது. கட்டியக்காரி முன்னால் வந்தாள்.

"இவருக்குப் பிள்ளை இல்லை. இந்தக் குடும்பம் இவரோடு முடிகிறது."

நான் எழுதிய வசனம்தான். ஆனால் எழுதும்போது கேட்காத சத்தம் அதற்கு அந்த மண்டபத்தில் இருந்தது. சலசலப்பு நின்றுவிட்டது.  திரை இடுக்கு வழியாக நான் அவரைத் தவிர வேறு யாரையும் பார்க்கவில்லை.

தூரத்துச் சொந்தங்களாக வேடமிட்ட பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொரு பண்ணையின் பெயரையும் சொல்லித் திறப்பைக் கொடுக்க வேண்டும். இரண்டு வாரமாகப் பாடமாக்கிய பெயர்கள் அவ்வளவும் அவருக்கு மறந்துபோயின. முதல் பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் விழித்தார். பிறகு மனதில் தானாக ஓடுகிற பெயர்களை எடுத்துவிட்டார்.

"இந்தா, ட்வெய்ட்டா உனக்கு. லோறென்ஸ்கூக் உனக்கு. உனக்கு ஸ்ட்ரோம்மன்."

தன் பேருந்துத் தரிப்பிடங்களைப் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டார். சபையில் ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்த இடத்து ஆட்கள் ஆரவாரம் செய்தார்கள். "எங்களுக்கு ஒண்டும் இல்லையோ?" என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல் கேட்டது. இதைப் பார்த்த பாலர் வகுப்புப் பிள்ளைகள், முந்திய நிகழ்ச்சியின் வண்ணத்துப்பூச்சி இறக்கைகளோடு, கூப்பிடாமலே மேடைக்கு ஓடி வந்து கையை நீட்டினார்கள். பிள்ளையிடம் இல்லையென்று சொல்ல அவருக்கு எப்போதுமே தெரியாது. இடுப்புப் பட்டியைக் கொடுத்தார். தொப்பியைக் கொடுத்தார். போர்வையைக் கொடுத்தார். கடைசியாக வந்த குட்டிக்குத் தாடியைப் பிய்த்துக் கொடுத்தார். அவள் அதைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு தாயிடம் ஓடினாள்.

மடியில் ஒரே ஒரு திறப்புத்தான் மிச்சம். எல்லாவற்றிலும் பெரியது, ஸோறும் வீட்டுத் திறப்பு. அதைத் தரையில் வைத்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும், விளக்கு அணையும். அப்படித்தான் எழுதியிருந்தேன். அவர் தரையைப் பார்த்தார். பிறகு கட்டியக்காரியைப் பார்த்தார்.

"கதை சொன்னது நீதானே. இது உன்னட்டை இருக்கட்டும்."

அவளுக்கு அங்கே வசனம் இல்லை. நான் அறிந்தவரையில் அவள் வாயடைத்து நின்றது அந்த ஒருமுறைதான். இரண்டு கையாலும் வாங்கினாள். அப்புறம், இது தமிழ் நாடகம், வாழி சொல்லாமல் முடிக்க முடியாது என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"பிள்ளை உள்ளவை வாழி. இல்லாதவை வாழி. எங்களை ஏத்தி இறக்கிறவையும் வாழி," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்ப சாப்பாடு இருக்கு," என்று சேர்த்துக்கொண்டாள்.

நான் வழக்கம்போல் சமையல் பக்கம் போய்விட்டேன். அவளுடைய தாய் தேடிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது.

"அவள் அந்த மட்டைத் திறப்பைக் கையாலை விடுறாளில்லை அக்கா. அண்ணை நல்லாச் செய்தவர்." பிறகு தட்டில் இருந்து ஒரு ரோல்ஸை எடுத்து என் கையில் வைத்தார். "நீங்கள் ஒண்டும் சாப்பிடேல்லை. சாப்பிடுங்கோ."

எங்கள் ஆட்கள் மன்னிப்பை வாயால் கேட்பது குறைவு, சாப்பாட்டால் கேட்பார்கள். நான் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன்.

அடுத்த வருடம் அவளுடைய சாமத்திய வீடு வந்தது. அங்கேயும் ஆலாத்திக்கு என் பெயரைக் கூப்பிடவில்லை. ஒரு நாடகத்தால் ஊர் திருந்திவிடும் என்றால் நான் மாதத்துக்கு ஒன்று போட்டிருப்பேன். ஆனால் அவள் மேடையில் இருந்தபடியே, பட்டும் நகையுமாக, சமையல் பக்கம் எட்டிப் பார்த்து எனக்குக் கண்ணடித்தாள். நானும் ரோல்ஸைத் தூக்கிக் காட்டினேன்.

வருடங்கள் போயின. அவள் தமிழ்ப் பள்ளிக்கூடம் முடித்தாள், வாய் மட்டும் குறையவில்லை. அந்தப் பத்தாண்டின் கடைசியில் படிப்புக்காகத் தனியாக இருக்கப் போகிறேன் என்று வீட்டில் ஒரு போர் நடத்தி வென்று, எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தாள். குடிவந்த சனிக்கிழமை எங்களிடம் தேநீருக்கு வந்தாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்கு வந்து, புதிதாக மினுங்குகிற ஒரு திறப்பை மேசையில் வைத்தாள்.

"இதை வைச்சிருங்கோ ரீச்சர். நான் மறந்து கதவைச் சாத்திப்போட்டால் எடுக்க வேணும்."

"அம்மாட்டைக் குடுக்கேல்லையோ?"

"அம்மாட்டைக் குடுத்தால் நான் இல்லாத நேரம் வந்து குளிர்ப்பெட்டியைத் திறந்து பாப்பா. நீங்கள் அப்படி வரமாட்டியள்."

"வரமாட்டன் எண்டு ஆர் சொன்னது?"

அவள் சிரித்துக்கொண்டே தன்னுடைய திறப்புக் கொத்தையும் மேசையில் போட்டாள். அதில் மட்டைத் திறப்பு ஒன்று தொங்கியது. தங்கத்தாள் தேய்ந்து, ஓரமெல்லாம் ஒட்டுநாடா சுற்றி, பின்பக்கத்தில் பீட்சாப் பெட்டியின் தக்காளிப் படம் இன்னும் பாதி தெரிந்தது. என் கணவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸோறும் வீட்டுத் திறப்பு.

"அது என்ரை, மாமா," என்று அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். "குடுத்ததைத் திருப்பி எடுக்கேலாது. உங்களுக்கு மற்றதுதான்."

அவர் எழும்பிப் போய் லாச்சியைத் திறந்து, கரண்டிகளுக்கும் பழைய பற்றரிகளுக்கும் இடையில் கையை விட்டுத் துழாவினார்.

"மாமா என்ன தேடுறார், ரீச்சர்?"

"எங்கடை மூண்டாவது திறப்பை," என்றேன்.